பூனைக்கு அரிசிம்பருப்பு சாதம் போடலாமா? முழுமையான வழிகாட்டி

போடக்கூடாது. குற்றம் அரிசி மீதோ துவரம்பருப்பு மீதோ இல்லை. தொண்டாமுத்தூர், பல்லடம் பக்கம் விளைந்து வரும் சின்ன வெங்காயமும் கூடவே விழும் பூண்டும்தான் பூனைக்கு நஞ்சு.

படி 1: குக்கருக்குள் பாருங்கள்

எண்ணெயில் சீரகமும் வரமிளகாயும் பொரிந்ததும் வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கும். அதன் மேலேயே அரிசி, பருப்பு, மஞ்சள்தூள், தண்ணீர். எல்லாம் ஒன்றாக வேகும்போது வெங்காயச் சாறு பருக்கைக்குப் பருக்கை ஏறிவிடுகிறது. "வெங்காயத்தைப் பொறுக்கிட்டுத்தானுங்க போடறேன்" என்பது அதனால்தான் செல்லாது. வதக்கினாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

படி 2: அளவு தெரிந்துகொள்ளுங்கள்

வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பூனையின் ஹீமோகுளோபின் இதற்கு நம்முடையதைவிட எளிதில் இரையாகும். கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து என்பது கால்நடை மருத்துவக் கணக்கு. 3 கிலோ பூனைக்கு 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பூண்டுக்கு வீரியம் இன்னும் அதிகம்.

ஒரு வாய் நக்கியதற்காகப் பதற வேண்டாம். தினமும் கொஞ்சம் போடுவதுதான் வம்பு. "வருசக்கணக்கா திங்குது, ஒண்ணும் ஆகலீங்களே" என்பார்கள். லேசான ரத்தசோகை வெளியே தெரியாது. பூனை எப்படியும் பகலெல்லாம் தூங்கும் பிராணி.

படி 3: அறிகுறிகள்

சில நாள் கழித்தே தெரியும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு வெளுத்திருக்கும். சோர்வு, வேகமான மூச்சு, சிவந்தோ பழுப்பாகவோ போகும் சிறுநீர்.

படி 4: அதிகம் தின்றுவிட்டால்

உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால் அவரால் வாந்தி எடுக்கவைக்க முடியும். வீட்டில் உப்புத்தண்ணீர் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம்; அதுவும் பூனையின் ரத்தத்தையே தாக்கும், ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

படி 5: பதிலுக்கு என்ன?

உக்கடம் மார்க்கெட் மத்தியை உப்பு, காரமில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெறும் சோற்றில் பிசையுங்கள். சோறு கொஞ்சம், மீன் நிறைய. பச்சையாகப் போட்டால் பி1 வைட்டமின் அழியும். வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடாமல் சேருங்கள். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தில் ஒரு பகுதி அதில் கரைந்திருக்கும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று கலிபோர்னியாவில் 1987-ல் கண்டறிந்தார்கள். நாமக்கல் முட்டையும் வேகவைத்துப் பாதி கொடுக்கலாம்.

வாசலில் தெருப்பூனைக்கு வைக்கும் வட்டலுக்கும் இதே கணக்குதான். மிச்சச் சோற்றை வையுங்கள், அதன் மேல் சாம்பாரும் ரசமும் மட்டும் ஊற்றாதீர்கள்.