மலையடிவாரமும் மொபைல் டவரும்

கேள்வி: குற்றாலம் பக்கம் ஆயிரப்பேரியில் வீடு. தெருவில் நின்றால் போன் பேசலாம், உள்ளே வந்தால் போச்சு. பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் கெடுக்கும். உங்களுக்கு மேற்கே மலை மறிக்கிறது. வீட்டுக்குள் கான்கிரீட்டும் தகரக்கூரையும் மிச்சத்தைத் தடுக்கின்றன. கிழக்கு ஜன்னலிலும் மாடியிலும் போன் அமைப்புகளில் சிக்னல் அளவைப் பாருங்கள்: மைனஸ் 95 டிபிஎம் (dBm) என்றால் நல்லது, மைனஸ் 115ஐத் தாண்டினால் மோசம். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம்.

எந்த கம்பெனி சிம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்பதுதான் முதல் வைத்தியம். அதன்பின் நல்ல இடத்தில், வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள 4ஜி ரவுட்டர் வைக்கலாம். ஆனால் ஃபைபர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மத்தளம்பாறை கிராமத்தில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் நடக்கிறது. ஆகவே கிராமம் என்பது ஃபைபருக்குத் தடையில்லை. ஃபைபர் வந்ததும் போனில் 'வைஃபை காலிங்' போட்டுவிடுங்கள், டவரே இல்லாமல் பேசலாம். சாரல் சீசனில் கரண்ட் போகும், ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். அவசியம்.