பஹிரவகந்தை தெரிகிறது, பத்திரிகை தெரியவில்லை!

வயது 46. கண்டி வாவிக்கரையிலிருந்து பஹிரவகந்தைப் புத்தர் சிலை தெளிவாகத் தெரிகிறது. கையிலுள்ள பத்திரிகை மங்குகிறது. கண்ணாடி போட்டால் கண் பழகிக் கெட்டுவிடாதா?
– வாசகர், கண்டி

கெடாது ஐயா, தாராளமாகப் போடுங்கள். தூரத்தைப் பார்க்கையில் கண்வில்லை தட்டையாகிறது. கிட்டப் பார்க்க அது உப்ப வேண்டும். நாற்பதுக்குப் பிறகு வில்லை இறுகி உப்ப மறுக்கிறது. கண்ணாடியே போடாதவர்களுக்கும் அந்த இறுக்கம் கூடிக்கொண்டுதான் போகிறது. பழி கண்ணாடிக்கு எதற்கு? வாசிப்புக் கண்ணாடி ஒரு குவிவு வில்லை. உங்கள் வில்லையால் முடியாத மிச்ச வளைவை அது செய்கிறது. சந்தேகமென்றால், சிலை தெரியும் ஜன்னலருகே அறையைச் சற்று இருட்டாக்கி, +2 கண்ணாடிக்குப் பின்னால் 50 சென்ரிமீற்றரில் வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். சிலை தலைகீழாக, நகமளவில் விழும். விழித்திரையிலும் அப்படித்தான், நிமிர்த்திக்கொள்வது மூளையின் வேலை. கடையில் கைக்கு வந்ததை எடுக்காமல், கண்ணை அளந்து வாங்குங்கள்.