காரைப் புதைப்பதற்கு முன்

அடுத்த தலைமுறை திறந்து பார்க்கட்டும் என்று ஒரு காரைக் காலப்பெட்டகத்தில் (குறித்த ஆண்டில் திறப்பதற்காக மூடி வைக்கும் அறை அல்லது பேழை) வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரின் கனத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு திட்டம் இருந்தால், தண்ணீர் எங்கிருந்து வரும், வந்தால் எப்படி வெளியேறும் என்பதை முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா தனி மாநிலமாகி 50 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட, டல்சா நகரத்தார் 1957 ஜூன் 15 அன்று பொன்னிறமும் வெள்ளையும் கலந்த புத்தம்புதிய பிளைமவுத் பெல்வெடேர் கார் ஒன்றை நீதிமன்றப் புல்வெளிக்கு அடியில் இறக்கி வைத்தார்கள். அணுகுண்டுக்கும் அசையாது என்று சொல்லப்பட்ட காங்கிரீட் அறை அது. காருக்குத் துருத்தடுப்புப் பூச்சும் பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார்கள். 2007இல் மூடியை எடுத்தபோது உள்ளே சுமார் 4 அடி தண்ணீர் நின்றது. கிடைத்தது சேறு படிந்த துருக்கூடு.

குழி தோண்டி அறை கட்டியபின் சுற்றிலும் நிரப்பும் மண் பழைய இறுக்கத்துக்கு எளிதில் வராது. மழைநீர் அந்தத் தளர்ந்த மண்ணில் இறங்கிச் சுவரோரம் தேங்கும். காங்கிரீட்டிலோ கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல்களும் விடும். வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் ஒருநாள் தணிந்தாலும் அடுத்த மழையில் திரும்ப வரும். வடிகாலும் கண்காணிப்பும் இல்லாத நிலவறை, நாளடைவில் கிணறாகிவிடுகிறது.

வெள்ளமே புகாவிட்டாலும் கார் தப்பிவிடாது. ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் அப்போது இருக்கும் பங்கு) ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது வேகமெடுக்கும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 70 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கும் காற்று, 19 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் தகட்டைத் தொட்டாலே போதும். குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறம் வியர்ப்பதுபோலத் தகடு வியர்க்கும். இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் இந்த வியர்வையை வெளியே விடாது. உறைக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கில் ஈரம் தானாகப் பரவி அங்கேயே தங்கிவிடும். பாதுகாப்புக்குப் போட்ட உறையே ஈரத்தைத் தகட்டோடு ஒட்ட வைக்கிறது. கொட்டகையில் படுதா போட்டு மூடிய காருக்கும் இதே கதிதான்.

டல்சாவின் அதே குழியில் ஓர் எஃகுப் பேழையையும் பற்றவைத்து மூடி வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்த கொடியும் ஆவணங்களும் நல்ல நிலையில் வெளிவந்தன. இதை ஊன்றிக் கவனியுங்கள். பேழை சிறியது, மூட்டுகள் குறைவு. கார் அப்படியல்ல. அதன் இருக்கைப் பஞ்சும் ரப்பரும் துணியும் தாமே ஈரத்தை வைத்திருப்பவை. கதவுகளுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் எட்டாத பொந்துகள் ஏராளம்.

சீரழிவு தொடங்கிவிட்டதைச் சில அடையாளங்கள் காட்டிக்கொடுக்கும். சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அதன் வழியே நீர் வந்து போகிறது. பெயின்ட் கொப்பளித்தால் துரு அடியிலிருந்து மேலே வருகிறது. குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவு புள்ளிகள், பிரேக் டிஸ்க்கில் செம்மண் நிறம், இருக்கையில் பூஞ்சை நெடி ஆகியவையும் ஈரத்தையே சொல்கின்றன. பார்த்தவுடன் பதறி அறையை உடைக்க வேண்டாம். சிறு துளையிட்டு ஈரப்பதமானியும் கேமராவும் செலுத்திப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள்.

என் கருத்து தெளிவானது: காரைப் புதைக்காதீர்கள். தரைக்கு மேலே, வெயில் படாத, ஆண்டுதோறும் ஆள் நுழைந்து பார்க்கக்கூடிய அறையில் வையுங்கள். டல்சா நகரமும் முதல் காரைத் திறக்கும் முன்பே இந்த வழிக்கு மாறிவிட்டது. 1998இல் அடுத்த காரான பிளைமவுத் ப்ரௌலரைத் தரைக்கு மேல் கட்டிய அறையில் வைத்தது. அது 2048இல் திறக்கப்பட வேண்டியது.

அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்கட்டும். அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் தோலும் மரமும் வெடிக்கும். இதற்கு மின்சாரத்தில் இயங்கும் ஈரமுறிஞ்சி இயந்திரமே தேவை. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே நீரை ஏற்கும். பொட்டலங்களை நம்பி அரை நூற்றாண்டைக் கடக்க முடியாது.

வைப்பதற்கு முன் காரைக் கழுவி, பல நாள் உலர்த்துங்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணும் உப்பும் ஈரத்தை இழுப்பவை. பெட்ரோலை முழுதும் வடித்துவிடுங்கள். அது காற்றோடு சேர்ந்து பிசினாகிக் குழாய்களை அடைக்கும். டல்சாவில் 2007இல் பெட்ரோல் கிடைக்காதோ என்று கருதிக் காரோடு பெட்ரோலையும் வைத்தார்கள். எரியக்கூடிய திரவத்தை மூடிய அறையில் வைப்பது ஆபத்து. அதை நான் எந்த நிலையிலும் அனுமதிக்க மாட்டேன். பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ள பிரேக் திரவத்தை மாற்றிப் புதிதாக நிரப்புங்கள். டயரில் பாரம் இறங்காமல் தாங்கிகளில் நிறுத்துங்கள். உட்பொந்துகளில் அதற்கென உள்ள மெழுகைத் தெளித்து, காற்றோட்டமுள்ள துணியால் மூடுங்கள். ஆவிநிலைத் துருத்தடுப்பான் (மெல்ல ஆவியாகி உலோகத்தில் படிந்து காக்கும் வேதிப்பொருள்) வைத்தால் உற்பத்தியாளர் சொல்லும் காலத்துக்குள் மாற்றுங்கள்.

கைவைத்தியங்களில் இறங்க வேண்டாம். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசினால் அதிலுள்ள அமிலமும் கசடும் தகட்டைத் தின்னும், ரப்பர் உப்பிவிடும். அரிசி மூட்டையும் கல்லுப்பும் எலியையும் அரிப்பையும் வரவழைக்கும்.

ஏற்கெனவே புதைத்த காரைத் திறக்கப்போகிறீர்களா? முதலில் காற்றைச் சோதியுங்கள். துருப்பிடித்தல் ஆக்ஸிஜனைத் தின்னும் வினை என்பதால், மூடிய நிலவறையில் இறங்கியவர் மூச்சு முட்டி விழலாம். பெட்ரோல் ஆவியும் தேங்கியிருக்கலாம். வாயுமானி வைத்திருக்கும் பயிற்சி பெற்றவர் அனுமதி சொல்லாமல் எவரும் உள்ளே தலை நீட்டக் கூடாது.

நீரை வெளியேற்றியபின் சங்கிலியால் காரைத் தூக்காதீர்கள். சட்டம் நைந்திருந்தால் நடுவே ஒடியும். அடியில் எஃகுப் பலகை நுழைத்து முழுப் பாரத்தையும் அதில் ஏற்றுங்கள். இன்ஜினைச் சுழற்றிப் பார்க்க வேண்டாம். உயர் அழுத்தத் தண்ணீரும் கம்பிப் பிரஷும் வேண்டாம். பல இடங்களில் தகடு கரைந்து துருவே உருவத்தைத் தாங்கி நிற்கும். சுரண்டினால் ஓட்டைதான் மிஞ்சும். சேறு இறுகிக் காய்வதற்குள் சுத்தமான நீரால் மென்மையாகக் கழுவி, நிழலில் மெல்ல உலர்த்தி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுங்கள்.

ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உடனே ஆசைப்படாதீர்கள். டல்சாவின் காரைப் பொறுமையாகச் சுத்தம் செய்தும் ஓட வைக்க முடியவில்லை. 2017இல் அது இல்லினாய் மாநிலம் ரோஸ்கோவிலிருந்த அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனது. உங்கள் காரின் சட்டம் தன் பாரத்தையே தாங்காது என்று பொறியாளர் சொன்னால், புதுத் தகடு வைத்து ஒட்டாமல் கிடைத்த நிலையிலேயே உலர்ந்த அறையில் நிறுத்துங்கள்.