மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டர் வைக்கலாமா?

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக்கூட வாடகை ஜெனரேட்டரைத் தேட வேண்டியிருந்தது. இப்படி ஒரு புயலைப் பார்த்தவர்கள் வீட்டுக்கென்று சொந்தமாக ஒன்று வாங்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் இயந்திரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள்கூட, அதை எங்கே வைப்பது, வீட்டு ஒயரிங்கோடு எப்படி இணைப்பது என்ற இரண்டு விஷயங்களில் சிக்கனம் பார்க்கிறார்கள். உயிரைப் பறிப்பவை அந்த இரண்டும்தான்.

“ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், புகை வெளியே போய்விடும்.”

போகாது. மழையில் நனையக்கூடாது, திருடு போகக்கூடாது என்று ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியிலோ போர்ட்டிகோவிலோ வைத்து ஓட்டுகிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவுடன் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தூங்குகிறவருக்கு அந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாரையும் திறந்த வெளிக்குக் கூட்டி வந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வைக்க வேண்டும். மழைக்கு மேலே ஒரு தகரக் கூரையும் கீழே மேடையும் போதும். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். 20 அடி என்பதில் பக்கத்து வீட்டு ஜன்னலும் சேர்த்தி. சென்னையின் நெருக்கமான தெருக்களில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடமில்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம் என்பதே என் பதில். பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் மின்விசிறி, விளக்கு, செல்போன் சார்ஜ் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

‘சைலண்ட்’ ஜெனரேட்டரென்றால் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கூண்டு சத்தத்தை மட்டுமே அடக்குகிறது, நச்சு வாயுவை அல்ல. அடுக்ககங்களில் வைக்கும் பெரிய டீசல் இயந்திரங்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகைக்குழாயின் உயரத்தையே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. 25 கேவிஏ இயந்திரமானால் குழாய் கட்டட உச்சியைவிட 1 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்.

“இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை 15 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க எரியும்.”

எரியும். அதோடு அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்கும் போகும். 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் வருவதை 11,000க்கு ஏற்றவும் செய்யும். தெருவிலுள்ள அத்தனை வீட்டு லோடும் சேர்ந்தால் சின்ன ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடுமே என்று சில எலக்ட்ரீஷியன்கள் சமாதானம் சொல்வார்கள். சாதாரண நாளில் அப்படி நடக்கலாம். புயலுக்குப் பிறகு கம்பிகள் ஆங்காங்கே அறுந்து, உங்கள் வீட்டோடு இரண்டு மூன்று வீடுகள் மட்டுமே அந்தத் துண்டில் மிஞ்சியிருக்கும். அப்போது ஜெனரேட்டர் நிற்காது, கம்பியில் உயிர் இருக்கும். 11,000 வோல்ட் ஆகத்தான் வேண்டுமென்பதில்லை, 230 வோல்ட்டே ஆளைக் கொல்லும். கம்பத்தில் ஏறும் லைன்மேன் பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்து உதவிக்கு வந்தவராக இருப்பார். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது.

“மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே போடுகிறேன்” என்பது பதில் ஆகாது. இருட்டில், அவசரத்தில், ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இன்னொருவர் உயிரை வைக்க முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளையே தெரியாமல் மெயினைப் போட்டுவிடலாம். ஒயரின் ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் பின்களில் கரண்ட் இருக்கும், கைபட்டால் தீர்ந்தது.

வழி ஒன்றுதான்: சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் இ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர அதன் அமைப்பே விடாது. பேஸ் மட்டுமல்லாமல் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக வாங்கி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அதே வேலையில் முடியட்டும். இதைப் பொருத்தும் வரை, ஜெனரேட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்துப் பொருளுக்கு நேரடியாகக் கொடுங்கள்.

அளவு பற்றிய குழப்பமும் நிறைய. ஒரு எச்பி என்பது 746 வாட், எனவே 1 கேவிஏ போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். 746 வாட் என்பது மோட்டார் தண்டில் கிடைக்கும் சக்தி. மோட்டார் இழுப்பது அதைவிட அதிகம். கிளம்பும் நொடியிலோ ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு. ஒரு எச்பி போர் மோட்டாருக்கு 3 கேவிஏ அளவில் யோசிப்பதே பொருத்தம். முதலில் மோட்டாரைப் போட்டு, அது சீராக ஓடத் தொடங்கிய பிறகு மற்றவற்றைப் போடுங்கள். இழுக்க முடியாமல் மோட்டார் உறுமினால் உடனே நிறுத்திவிட வேண்டும், காயில் கருகிவிடும். அதற்காகத் தேவைக்கு மிஞ்சிப் பெரிய டீசல் இயந்திரம் வாங்குவதும் நல்லதல்ல. திறனில் 30 சதவீதத்துக்கும் குறைந்த லோடில் நெடுநேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் சேரும்.

பெட்ரோல் டேங்கை நிரப்பி வைத்துவிட்டால் புயலுக்குத் தயார் என்பதும் சரியல்ல. மாதக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைக்கும். இப்போது அதில் கலக்கும் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதம் ஒரு முறை லோடு கொடுத்து கால் மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் காக்கை மூடி அதுவாக நிற்கும்வரை விடுங்கள். ஓடும்போது பெட்ரோல் ஊற்றவே கூடாது. நிறுத்தி, எஞ்சின் சூடு நன்றாக ஆறிய பிறகு, மெழுகுவத்தி இல்லாமல் டார்ச் வெளிச்சத்தில் ஊற்றுங்கள்.