அதிர்வில் அறியும் அகம்

நுழையும்முன்

மண்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி காட்டிவிடும். எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களின் உட்புறத்தையும் அவற்றின் அதிர்வைக் கொண்டே அறிய இயலும். அவ்வாறு அறியும் துறையே விண்மீன் அதிர்வியல்.

ஐந்து நிமிட அலைவு

விண்மீனின் ஒளி அதன் மேற்பரப்பிலிருந்தே நம்மை வந்தடைகிறது. ஆதலால், தொலைநோக்கி எத்துணைப் பெரிதாயினும் உட்பகுதியை நேரே காட்டாது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இராபர்ட் லெய்ட்டனும் அவர்தம் குழுவினரும் கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தாழ்வதைக் கண்டனர். புற அடுக்கில் கொதித்தெழும் வளிமம் ஒலியலைகளைத் தோற்றுவிக்கிறது. அவை உள்ளே சென்று வளைந்து திரும்புவதால் கதிரவன் மணிபோல் அதிர்கிறது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

வெற்றிடத்தில் ஒலி பரவாது. எனவே, வானியலாளர் இவ்வதிர்வை ஒளியின் ஏற்றத்தாழ்வாகக் காண்கின்றனர். கதிரவனை ஒத்த விண்மீனில் அம்மாற்றம் பத்து இலட்சத்தில் சில பங்கே. வளிமண்டலம் உண்டாக்கும் மினுமினுப்பில் அது மறைந்துவிடும். 2009இல் நாசா ஏவிய கெப்ளர் விண்தொலைநோக்கி, வளிமண்டலத்திற்கு அப்பாலிருந்து அதனை அளந்தது.

புறம் ஒன்று, அகம் வேறு

செம்பெருமீன்கள் முதிர்ந்த விண்மீன்கள். அவற்றுட் சில, கருவகத்தைச் சூழ்ந்த ஓட்டில் ஹைட்ரஜனை எரிக்கின்றன. சில, கருவகத்திலேயே ஹீலியத்தையும் எரிக்கின்றன. புறத்தோற்றத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. கருவகத்தைத் தொட்டுவரும் அலைவுகளின் கால இடைவெளி, ஹீலியம் எரியும் மீன்களில் பெரிதாக இருப்பதை 2011இல் கெப்ளர் தரவுகள் காட்டின.

அதிர்வு விண்மீனின் அகவையையும் உணர்த்துகிறது. கெப்ளர்-444 என்னும் விண்மீன் ஏறத்தாழ 1120 கோடி ஆண்டுகள் பழைமையானது என 2015இல் கணிக்கப்பட்டது. புவியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் அதனைச் சுற்றுகின்றன. கதிரவன் தோன்றுவதற்கு 600 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இத்தகைய கோள்கள் உருவாகியிருந்தன என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆய்வாளர் பணி

டென்மார்க்கின் ஆர்கஸ், இங்கிலாந்தின் பர்மிங்காம் முதலிய பல்கலைக்கழகங்கள் இத்துறையில் சிறந்து விளங்குகின்றன. முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர் இத்தகைய இடங்களில் குறிப்பிட்ட காலத்திற்குப் பணியமர்ந்து ஆய்வைத் தொடர்வர். ஒளிப்பதிவுகளிலிருந்து அதிர்வெண்களைப் பிரித்தெடுத்து, கணினியில் உருவாக்கிய விண்மீன் மாதிரிகளோடு ஒப்பிடுவது அவர்தம் பணி. இரண்டும் பொருந்தாவிடில், திருத்த வேண்டியது மாதிரியையே, விண்மீனை அன்று. அத்திருத்தத்தில்தான் புதிய அறிவு பிறக்கிறது.

கற்பவை கற்றபின்

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் குவளைகளில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றித் தட்டுக. ஒலி வேறுபடுவதன் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.