மிஞ்சிய புளித்த மாவும் வெயில் போறணையும்

மண்சரிவுக்குப் பயந்து காம்பிராவையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு விறகு பெருங்கவலை. கோதுமை மா கிடைத்தாலும் அதைச் சுட நெருப்பு வேண்டும். 2022ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடெங்கும் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. சரிவில் நிற்கும் மரத்தை விறகுக்கு வெட்டினாலோ, மண்ணைப் பிடித்திருக்கும் வேரையும் இழக்கிறோம். ஆகவே மிஞ்சிய மாவை வெயிலில் சுடும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

மா ஏன் புளிக்கிறது?

குழைத்த மா மறுநாள் புளித்தால் கெட்டதென்று வீசிவிடுகிறோம். உண்மையில் அதிலுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் மாவை உப்பச் செய்கிறது. சில பக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. கடையில் ஈஸ்ட் வருமுன் பல நாடுகளில் பாண் சுட்டது இத்தகைய புளித்த மாவினால்தான். டயகமக் குளிரில் மா மெதுவாகவே புளிக்கும். இரவில் அடுப்பங்கரையில் மூடி வையுங்கள்.

தேங்காய்ப்பூ, பால் சேர்த்த மாவை இவ்வாறு வைக்க வேண்டாம். அது விரைவில் கெடும். பூஞ்சணமோ, சிவப்பு நிறமோ, அழுகிய மணமோ கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

போறணை செய்தல்

1767ஆம் ஆண்டு ஜெனீவா நகரின் த சோசூர் என்ற அறிஞர் கண்ணாடி மூடிய பெட்டிகளில் வெயிலின் வெப்பத்தைச் சேர்த்துச் சோதித்தார். நாமும் அதையே செய்கிறோம்.

1. ஒன்றுக்குள் ஒன்றாக இரு கடதாசிப் பெட்டிகளை வையுங்கள். இடையில் நான்கு விரல் இடைவெளி விட்டு, கசக்கிய பத்திரிகைத் தாளை அடையுங்கள்.
2. உட்பக்கத்தில் அலுமினியத் தாளை ஒட்டி, வாயைக் கண்ணாடியால் இடைவெளியின்றி மூடுங்கள்.
3. அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையொன்றைப் பின்புறம் நிமிர்த்தி, வெயிலை உள்ளே திருப்புங்கள்.

சுடும் முறை

ஒரு கோப்பை புளித்த மாவுடன் ஒரு கோப்பை கோதுமை மா, உப்பு, தேவையான தண்ணீர் சேர்த்துப் பிசைந்து உப்பவிடுங்கள். புளிப்பு கூடினால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போதும். அடுத்த முறைக்கு ஓர் உருண்டையை எடுத்து வையுங்கள். மிகுதியை ஒரு விரல் கனத்தில் தட்டி, வெளியே கரி படிந்த, மூடியுள்ள மெல்லிய பாத்திரத்தில் இடுங்கள். கறுப்பு நிறமே வெப்பத்தை நன்கு உறிஞ்சும்.

காலை பத்து மணிக்குள் பெட்டியைக் காற்றுப் படாத வெயிலில் வைத்துச் சூடாக்குங்கள். பின்னர் பாத்திரத்தை வைத்து, வெயில் நகர நகரப் பெட்டியையும் திருப்புங்கள். இரண்டு மணித்தியாலமோ கூடுதலாகவோ எடுக்கும். ஈர்க்கைக் குத்தினால் மா ஒட்டக்கூடாது. மேல்பக்கம் வெளிறியே இருக்கும். விரும்பினால் சூடான ரொட்டிக்கல்லில் சற்றுப் புரட்டுங்கள். திறக்கும்போது ஆவி கையைச் சுடும், கவனம்.

உண்மையையும் சொல்லவேண்டும். தை, மாசி மாதங்களின் தெளிந்த வெயிலே இதற்கு ஏற்றது. தென்மேற்குப் பருவத்து மழையிலும் மூடுபனியிலும் இப்பெட்டி உதவாது. அரைகுறையாய் வெந்ததை அன்றே அடுப்பில் சுட்டு முடியுங்கள். விறகடுப்பை இது முற்றாக மாற்றாது. வெயில் உள்ள நாளில் ஒரு வேளை விறகை மிச்சப்படுத்தும்.

குழுவில் பேசுவோம்

1. எமது வீட்டில் ஒரு கிழமைக்கு எத்தனை கட்டு விறகு எரிகிறது? அதைச் சுமப்பவர் யார்?
2. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி செய்தால், யார் எப்பொருளைக் கொண்டுவரலாம்?