இஸ்பானிய மொழியில் ‘அது தெரிகிறதா?’

அயல்மொழி பயில்வோருள் பலர் ஆங்கிலத்தின் வாயிலாகவே அதனை அணுகுகின்றனர். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அது இயல்பே. ஆயினும் சில இடங்களில் தமிழ் வழியே நேரான வழி என்பது, இஸ்பானிய மொழி பயின்றுவரும் எனக்கு நாளும் தெளிவாகி வருகிறது. தொலைவிலுள்ள ஒன்றைச் சுட்டி, ‘அது தெரிகிறதா?’ என வினவும் முறை ஒன்றைக் கொண்டே இதனை விளக்க முயல்கிறேன்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கரையில் லா கொருஞா என்னும் துறைமுக நகர் உள்ளது. உரோமானியர் எழுப்பிய கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே இன்றும் ஒளி வீசுகிறது. ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள அதனை ‘எர்க்குலிஸ் கோபுரம்’ என்பர். 2009-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அக்கோபுரத்தைச் சுட்டி ஒருவன் தன் நண்பனை இவ்வாறு கேட்பான்:

‘பெஸ் அக்கேயா தொர்ரே?’

இதன் பொருள், ‘அந்தக் கோபுரத்தைக் காண்கிறாயா?’ என்பது. (பகரத்தைப் ‘பஸ்’ என்னும் சொல்லில் வருவது போல ஒலிக்க வேண்டும்.)

1. வினைச்சொல்: ‘பெஸ்’ என்றால் ‘காண்கிறாய்’. வினையின் ஈறே முன்னிலையைக் காட்டுவதால், நம் மொழியிற்போலவே ‘நீ’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தைப் பின்பற்றி, ‘காண முடியுமா’ எனப் பொருள்படும் ‘புவேதெஸ் பேர்’ என்பதைச் சேர்த்தல் பிழையன்று. ஆனால் இயல்பான பேச்சுக்கு ‘பெஸ்’ ஒன்றே போதும். பெரியோரிடம் ‘பே உஸ்தேத்’ என மரியாதையாகக் கேட்க வேண்டும்.

2. சுட்டு: ஆங்கிலத்தில் அண்மை, சேய்மை என இரு சுட்டுகளே உள்ளன. இஸ்பானியத்தில் மூன்று: ‘எஸ்தே’ பேசுவோனுக்கு அருகிலுள்ளது, ‘எசே’ கேட்போன் பக்கலில் உள்ளது, ‘அக்கேல்’ இருவர்க்கும் தொலைவிலுள்ளது. தொல்காப்பியர் கூறும் இ, உ, அ என்னும் முச்சுட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று. இன்றும் யாழ்ப்பாணத்தார் ‘உது’, ‘உவன்’ என்கின்றனர். ‘தொர்ரே’ பெண்பாற் சொல்லாதலால் ‘அக்கேல்’ என்பது ‘அக்கேயா’ ஆயிற்று. அஃறிணைப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் வகுப்பதே நாம் தனியே மனத்திற்கொள்ள வேண்டியது.

3. காண்போன் இன்றிக் கேட்டல்: ‘சே பே லா தொர்ரே தெஸ்தே அக்கீ?’ என்றால், ‘இங்கிருந்து கோபுரம் தெரிகிறதா?’ என்று பொருள். இங்கே கோபுரமே எழுவாய். காண்பவர் யார் என்ற பேச்சே இல்லை. நம் ‘தெரிகிறது’ என்னும் வினையும் இத்தகையதே. நீ என்பதா, தாங்கள் என்பதா என்ற தயக்கம் எழாததால், வழியில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவரிடம் கேட்க இதுவே ஏற்றது.

4. எட்டுதல்: மூடுபனியோ தொலைவோ பார்வையைத் தடுக்குமாயின், ‘அல்கான்சாஸ் ஆ பேர் லா தொர்ரே?’ எனலாம். ‘அல்கான்சார்’ என்னும் வினைக்கு ‘எட்டுதல்’ என்பதே பொருள். கோபுரம் கண்ணுக்கு எட்டுகிறதா என்பதே வினா! ‘கண்ணுக்கு எட்டிய தூரம் வரை’ என நாம் சொல்வதை அவர்களும் ‘ஆஸ்தா தோந்தே அல்கான்சா லா பிஸ்தா’ என்கின்றனர். ‘பார்வை எட்டும் இடம் வரை’ என்பது அதன் பொருள்.

5. விடை: தெரிந்தால் ‘சீ, லா பேயோ’ (ஆம், அதைக் காண்கிறேன்), தெரியாவிடில் ‘நோ, நோ லா பேயோ’.

தமிழுக்கும் இஸ்பானியத்துக்கும் இனவுறவு ஏதுமில்லை. இவ்வொப்புமைகள் அவ்வுறவைக் காட்டுவனவும் அல்ல. எனினும் ஆங்கிலத்தை இடையே நிறுத்தி ஒவ்வொரு சொல்லையும் பெயர்ப்பவனுக்கு மூன்றாம் சுட்டும் ‘எட்டுதலும்’ புதிராகவே நிற்கும்; தாய்மொழியை நன்கு எண்ணிப் பார்ப்பவனுக்கு அவை பழகிய பொருளாகும். ஆகவே அயல்மொழி கற்க விழையும் மாணவ நண்பர்கள், தம் தமிழிலக்கண ஏட்டையும் அருகில் வைத்துக்கொள்வார்களாக!